ஒன்றாம் இலக்கக் கழுத்துப்பட்டை

நேர்வாப் பள்ளத்தாக்கு மாடுகளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் விளங்கும். சிரிக்காதீர்கள். சுவிஸில் பிறந்து, சுவிஸ் புல்லைத் தின்று, சுவிஸ் மலையில் வளர்ந்த மாடுகள்தான். ஆனால் ஜெர்மனில் கூப்பிட்டுப் பாருங்கள், காதைக்கூட ஆட்டாது. "வா மோனை, வா, பொழுது படுகுது" என்றால் எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றாலும் தலையைத் தூக்கும். அப்படிப் பழக்கியவர் குகதாசன். அவருடைய மனைவி தவமலர் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருக்கு "இஞ்சாருங்கோ", ஊருக்கு "ஆரணியின்ரை அப்பா". அதனால் நான் சொல்லிவிடுகிறேன். குகதாசன். மூன்று வருடத்துக்கு முன்னால் பனியாற்றில் போனவர். ஆள்தான் போனார், குரல் போகவில்லை.

பின்னேரமானால் அந்தக் குரல் மலையில் கேட்கும். நாற்பது மாடுகளின் கழுத்துப்பட்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில். புதிதாக நடக்க வந்த உல்லாசப் பயணிகள் யாரோ மனிதர் நிற்கிறார் என்று சுற்றிப் பார்ப்பார்கள். தவமலர் கீழே முற்றத்து வாசல் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபடி நிற்பாள். சில நாள் அந்தக் குரலோடு கதைப்பாள். விசர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இந்தக் கழுத்துப்பட்டை வந்த காரணம் வேறு. அந்த மலையில் வேலி போட நிலம் இல்லாமல் போய்விட்டது. பாறையையும் மண்ணையும் உள்ளுக்குள் உறைந்து கிடந்த பனிதான் பிடித்து வைத்திருந்தது. அது இளக இளக, நேற்று நடந்த பாதை இன்றைக்கு இருக்காது. நட்ட கம்பம் ஒரு மழைக்குச் சாயும். கீழே இருக்கிற மேய்ச்சல் வெளி யூலை மாதமே கருகிப்போகும். பச்சை மிஞ்சியது மேலே, பனியாறு பின்வாங்கி விட்டுப்போன புதுத்தரையில்தான். குகதாசன் அதற்கு மேல்தரவை என்று பெயர் வைத்தார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் முழுப் பனியாகக் கிடந்த இடம் அது. இப்போது மாடுகள் அங்கே பூவோடு சேர்த்துப் புல் மேய்ந்தன. தலைக்கு மேலே மிச்சப் பனி பாறையைப் பிடித்துத் தொங்கியது.

ஊர்க்காரி உர்சினா பட்டணத்தில் இயந்திரங்களுக்குப் பேச்சுப் பழக்கப் படித்துவிட்டு வந்தவள். அவள்தான் இதைச் செய்தாள். ஒவ்வொரு பட்டைக்கும் தான் எங்கே நிற்கிறது என்று தெரியும். எந்த நிலம் ஆடுகிறது, எது ஆடாது என்பதும் காலையில் அதற்கு வந்து சேரும். மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். இரண்டு கோடைகாலம் உர்சினா குகதாசனுக்குப் பின்னாலேயே திரிந்து அவருடைய குரலையும் போக்கையும் அதற்குப் பழக்கினாள். எந்த மாட்டை ஏச வேண்டும், எதைக் கெஞ்ச வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும் என்று எல்லாம். பதிந்ததைத் திருப்பிப் பாடுகிற பெட்டி இல்லை அது. அவர் நின்றிருந்தால் என்ன சொல்வாரோ அதைத் தானே யோசித்துச் சொல்லும்.

அவர் நிற்கிற இடமும் அதற்குத் தெரிய வேண்டும் என்று ஒரு பட்டையை அவரும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒன்றாம் இலக்கம். ஊர் முழுக்கச் சிரித்தது. "மாட்டோடை மாடா நிக்கிறன், உங்களுக்கென்ன?" என்று அவரும் சிரித்தார்.

ஒரு புரட்டாதியில், முதல் பனி கொட்டிய நாளில், ராசாத்தி என்ற கன்றைக் காணவில்லை என்று மேலே ஏறினார். அவருக்கு அது ஒரு வெறி. ஒன்று குறைந்தால் மற்றதுகளை அசைய விடமாட்டார். யாழ்ப்பாணத்தில் போருக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்த காலத்தில், இருட்டில், நெரிசலில், பிடித்திருந்த தம்பியின் கையை விட்டவர். பிறகு அந்தத் தம்பி கிடைக்கவேயில்லை. அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை, மாட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். ராசாத்தி மறுநாள் காலை தானாகக் கொட்டிலுக்கு வந்து நின்றது. அவர் வரவில்லை. பனியாற்றின் வெடிப்புக்குள் விழுந்திருக்கவேண்டும் என்றார்கள். தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

தவமலர் பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியையும் செய்யவில்லை. "காணேல்லை எண்டுதானே சொன்னவை, செத்துப்போனார் எண்டு ஆர் கண்டது?" என்பாள். கோயிலில் பெண்கள் அவளுடைய நெற்றியைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுப்பார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தே பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போவாள்.

மூன்று வருடம் கழித்து, நான் சொல்ல வந்தது நடந்த அன்றைக்கு, காலையில் கொம்யூன் என்கிற ஊராட்சியிலிருந்து கட்டளை வந்தது. மேல்தரவைக்கு மேலே தொங்குகிற பனி இன்றைக்கோ நாளைக்கோ உடையும், பொழுது படுமுன் மாடுகளை இறக்கிவிடுங்கள் என்று. மகள் ஆரணி பேர்ண் நகரத்திலிருந்து வந்திருந்தாள். வருடாவருடம் மாடு இறக்குகிற நேரம் வருவாள், வந்து அந்தியேட்டிக் கதையை எடுப்பாள், தாய் எழும்பிப் போய்விடுவாள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. கோபத்தில் ஆரணி தடியை எடுத்துக்கொண்டு, மந்தைக்குப் பின்னால் நடந்து வர என்று மேலே போய்விட்டாள்.

மத்தியானம் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் குரல் கூப்பிடத் தொடங்கியது. மணிகள் கீழ்நோக்கி வரும் சத்தம் கேட்டது. தவமலர் படலையைத் திறந்து வைத்தாள். பிறகு மணிச்சத்தம் நின்றது. அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். மாடுகள் திரும்பி, வந்த வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தன. தரவையின் தலைமாட்டில், பனி தொங்குகிற பாறைக்கு நேரே கீழே போய்க் கூட்டமாக நின்றன. ஒன்றுகூடப் புல்லில் வாய் வைக்கவில்லை.

உர்சினா வண்டியைக் கண்டபடி நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கையில் மாடுகளைக் காட்டும் திரை. இவர்கள் இருவரும் ஜெர்மனில்தான் கதைப்பார்கள். தவமலரின் ஜெர்மனும் யாழ்ப்பாணத்து ஜெர்மன்தான் என்பதால் அப்படியே தருகிறேன்.

"தவா, மாடுகள் யாருக்காகவோ காத்து நிற்கின்றன."

"ஆருக்கு? எல்லாம் அங்கைதானே நிக்குதுகள்?"

"மாடுகள் எல்லாம் நிற்கின்றன." உர்சினா திரையைத் திருப்பிக் காட்டவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அந்தப் பட்டைகள் வெயிலில் மின் ஏறுகிறவை. பனிக்குள்ளே கிடந்தால் தூங்கிவிடும். தூங்குகிற பட்டையைக் குரல் தேடாது. இன்றைக்குப் பனி இளகி ஒரு பட்டை மேலே வந்திருக்கிறது. வெயில் பட்டு விழித்துவிட்டது. 'இங்கே இருக்கிறேன்' என்கிறது."

"எந்தப் பட்டை?"

"ஒன்றாம் இலக்கம்."

தவமலர் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"உயிரோடையோ?"

"இல்லை தவா. பட்டை மட்டும்தான் விழித்திருக்கிறது."

தூணில் ஒரு பெட்டி இருந்தது. மேலே குரல் சொல்வது அதிலும் கேட்கும், அதில் பேசினால் மேலே எல்லாப் பட்டையிலும் கேட்கும். அதற்குள்ளிருந்து குகதாசனின் குரல் வந்தது, பொறுமையாக, செல்லமாக, பின்னுக்கு நிற்கிற கன்றைக் கூப்பிடுகிற மாதிரி.

"வா மோனை. ஏன் அங்கை நிக்கிறாய்? வா. பொழுது படுகுதெல்லே. நாங்கள் உன்னை விட்டிட்டுப் போகமாட்டம், வா."

பனிக்குள் கிடக்கிற தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தவமலர் காதைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, இதையும் கேட்க வேண்டி வந்ததே என்று மனம் பதறியது.

"நிப்பாட்டு! அந்தக் கோதாரியை நிப்பாட்டு!"

"நிறுத்தினால் மாடுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். குரல் இல்லாவிட்டால் அசையாதே என்று பழகியவை. பாறை விளிம்பில் சிதறாமல் இருக்க அவரே அப்படிப் பழக்கினார்."

"அப்ப அந்த இலக்கத்தை வெட்டிவிடு."

"என்னால் முடியாது. அவர் விடவில்லை. 'என்ரை மாட்டைக் கந்தோரிலை மேசைக்கு முன்னாலை இருந்து ஒருத்தரும் சாகடிக்கக் கூடாது' என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு குரலுக்குத்தான் அந்த உரிமை. ஒன்று அவருடையது." உர்சினா தவமலரைக் கைகாட்டினாள். "மூன்று வருடமாக ஒவ்வொரு இலையுதிர்காலமும் உங்களிடம் கேட்டேன், நீக்கிவிடுவோமா என்று. வேண்டாம் என்றீர்கள்."

அந்த நேரம் தவமலரின் கைத்தொலைபேசி அடித்தது. ஆரணி. மூச்சு வாங்கியது.

"அம்மா, மாடுகள் அசையுதுகள் இல்லை. கத்திப் பாத்தன், தடியாலை தட்டியும் பாத்தன். அப்பாவின்ரை குரல் வேறை ஆரையோ கூப்பிட்டுக்கொண்டு நிக்குது. என்னம்மா நடக்குது?"

"நீ விட்டிட்டுக் கீழை வா பிள்ளை."

"மாடுகளை விட்டிட்டோ? மேலை ஐஸ் வெடிக்கிற சத்தம் கேக்குது அம்மா. இதுகள் நடுங்குதுகள். நான் போனால் இதுகளுக்கு ஆர்? ஒண்டையும் விட்டிட்டு வரமாட்டன்."

அப்பனின் மகள். எவ்வளவு மன்றாடியும் கேட்கவில்லை. இருபது அடி மேலே அப்பா கிடக்கிறார் என்று சொன்னால் அவள் இன்னும் மேலே ஏறுவாள். அதனால் தவமலர் அதை வாயில் எடுக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு மலையைப் பார்த்தாள்.

உர்சினா அவளுடைய தோளைப் பிடித்தாள். "ஒரு மாடு செத்தால் அவர் என்ன செய்வார், நினைவிருக்கிறதா?"

எப்படி மறக்கும்? மந்தைக்கு நடுவில் போய் நிற்பார். செத்த மாட்டின் பெயரைச் சொல்வார். "வெள்ளைச்சி செத்துப்போச்சு. இனிப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ" என்பார். மாட்டுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது, சொன்னால் அதுகள் நாள் முழுக்கத் தேடிக் கத்தும் என்பார். அவர் சொன்ன பிறகு மற்ற மாடுகள் தேடாது, நடக்கும். ஊரார் இதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். உர்சினாவின் இயந்திரம் வேடிக்கை பார்க்கவில்லை, கற்றுக்கொண்டது.

"அப்படிச் சொன்னால்தான் விடும்," என்றாள் உர்சினா. "நீங்கள்தான் சொல்லவேண்டும்."

"நான் சொல்லமாட்டன்." தவமலர் தலையை ஆட்டினாள். "மூண்டு வருசமாத் தனியக் கிடந்த மனுசன். இண்டைக்குத்தான் நாற்பது சீவன் பக்கத்திலை போய் நிக்குது. அதுகளையும் எழும்பி வா எண்டு நான் கூப்பிடோணுமோ?"

"மேலே ஆரணி நிற்கிறாள், தவா."

மலையில் ஏதோ வெடித்தது. சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு அடங்கியது. தவமலர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஆரணியின்ரை அப்பா இனி வரமாட்டார்," என்றாள். "நீங்கள் வாங்கோ."

மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றது. பிறகு அவளிடமே கேட்டது.

"ஆரப்பா? பேரைச் சொல்லும்."

முப்பது வருடம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்ட அதே தொனி. தவமலருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"இஞ்சாருங்கோ, விளையாடாதேங்கோ."

"ஒண்டு குறையுது. ஆரெண்டு பேரைச் சொல்லும்."

"நீங்கள் போன நாளிலை இருந்து உலகமே என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுது," என்று அவள் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். "ஐயர் கேட்டார், பெத்த பிள்ளை கேட்டாள், பொலிஸ் கேட்டான். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. இப்ப நீங்களே வந்து கேக்கிறியளோ? உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?"

"பொழுது படுகுதப்பா. பிள்ளையள் நிக்குதுகள். பேரைச் சொல்லும்."

மாடுகளைத்தான் அவர் பிள்ளைகள் என்பார். ஆனால் தவமலருக்கு அந்தச் சொல்லில் நெஞ்சு திறந்துவிட்டது. மேலே பார்த்தாள். மாட்டுக்கூட்டத்துக்குள் ஆரணியின் சிவப்புச் சட்டை சின்னதாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் பெயர் வந்தது.

"குகதாசன்."

தன் வாயில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. யாரோ அந்நியரின் பெயரைப்போல் இருந்தது. இனி நிறுத்தினால் சொல்ல வராது என்று பயந்து மிச்சத்தையும் சொன்னாள்.

"குகதாசன் செத்துப்போனார். மூண்டு வருசத்துக்கு முந்தியே செத்துப்போனார். இனிப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."



"சரி பிள்ளையள்," என்றது பெட்டி. "வாங்கோ. நடவுங்கோ."

மணிகள் கேட்டன. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். மந்தை திரும்பியது. முன்னால் ராசாத்தி வந்தது, பின்னால் ஆரணி தடியோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பாதி வழி வந்திருப்பார்கள், பனி உடைந்தது. தவமலர் முதலில் கண்டது புகை மாதிரி எழும்பிய வெள்ளையைத்தான், சத்தம் பிறகுதான் வந்தது. மண் அதிர்ந்தது. மேல்தரவை இருந்த இடத்தில் கல்லும் பனிக்கட்டியுமாக ஒரு மேடு கிடந்தது. உர்சினா திரையைப் பார்த்தாள். பிறகு அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். தவமலர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மூன்று வருடம் பொத்தி வைத்திருந்தவரைப் பனி ஒரு பின்னேரம் காட்டிவிட்டுத் திருப்பி மூடிவிட்டது. எடுத்து ஒரு கொள்ளி வைக்கக்கூட விடவில்லை, பாழாய்ப்போன மலை.

ஆரணி வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் தூசி. தடியைப் போட்டுவிட்டுத் தாயின் முன்னால் நின்றாள்.

"அம்மா, எல்லா மாட்டின்ரை கழுத்திலையும் உங்கடை குரல்தான் கேட்டது."

"ஓம் பிள்ளை."

"அப்பாவின்ரை பேரைச் சொன்னனீங்கள்."

"ஓம்."

ஆரணி குழந்தைப்பிள்ளை போல விம்மி அழுதாள். மூன்று வருடமாகத் தாயின் முன்னால் அழ முடியாமல் வைத்திருந்த அழுகை. தவமலர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். "மேலைதான் கிடந்தவர். உனக்குக் கிட்டத்தான்," என்று மெல்லச் சொன்னாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மாடுகள் படலைக்குள்ளால் ஒவ்வொன்றாக உள்ளே போயின. குரல் வழக்கம்போலப் பெயர் சொல்லி எண்ணியது. கிளி. சிவப்பி. பூமணி. ராசாத்தி. கடைசி மாடு உள்ளே போனதும் தவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பினாள், பால் கறக்க வேண்டுமே.

"எல்லாரும் வந்தாச்சு," என்றது பெட்டி. "படலையைச் சாத்தும் தவம்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். தவம் என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். உர்சினாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை நீயோ போட்டனி? இவ்வளவு காலமும் இது இப்படிச் சொன்னதில்லையே."

"நான் எதையும் போடவில்லை." உர்சினா பெட்டியைக் காட்டினாள். "கணக்குச் சரியாக வந்த நாளெல்லாம் அவர் கடைசியாகச் சொல்கிற வசனம் இதுதான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, கேட்டுக் கேட்டுச் சத்தம் மட்டும் பழக்கம், அது தானாகவே கற்றுக்கொண்டது. மூன்று வருடமாகக் கணக்கில் ஒன்று குறைந்துகொண்டே இருந்தது, தவா. இன்றைக்குத்தான் சரியாக வந்திருக்கிறது."

வெளியே வெள்ளைத் தூசி இன்னும் அடங்கவில்லை. தவமலர் படலையில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள். ஆரணி கூப்பிடவில்லை, காத்திருந்தாள்.

"ஓமப்பா," என்று சொல்லிப் படலையைச் சாத்தினாள்.